இடது ஓரத்தில் நின்ற பந்து

முண்டகத்துறை ஸ்டார் கிளப்பின் கோலி ரெஜினுடைய கையைக் குறை சொன்ன ஆள் அந்தக் கடற்கரையிலேயே கிடையாது, சொன்னால் நாக்கு அழுகிவிடும், மழையில் வழுக்குகிற பந்தானாலும் சரி, மூலையிலிருந்து வளைந்து வருகிற பந்தானாலும் சரி, அவன் கைக்குள் போனால் அப்படியே அடங்கிவிடும். ஆனால் பிடித்த பந்தை அடுத்து என்ன செய்கிறான் என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் போச்சு, மீன் ஏலம் பாதியில் நின்றுவிடும், டீ ஆறி ஆடை கட்டிவிடும், பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது ஒருத்தர் காதிலும் விழாது. பக்கத்தில் சொந்த அணிக்காரன் சும்மா நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பான், அவனுக்குக் கொடுக்க மாட்டான், நடுவில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான், அவனுக்கும் கொடுக்க மாட்டான், நாலடி ஓடிவந்து இடது ஓரத்துக்கு நீட்டி ஒரு அடி அடிப்பான், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், போய் விழுகிற இடத்தில் ஒரு ஈ காக்கை நிற்காது, பந்து கோட்டைத் தாண்டி உருண்டுபோகும், எதிரணிக்காரன் சிரித்துக்கொண்டே எடுத்து எறிவான்.

இதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. நீட்டுக் கட்சிக்குத் தலைவர் ஏலக்காரர் பனியடிமை, கடலுக்குக் கேட்கிற தொண்டை அவருக்கு. உருட்டுக் கட்சிக்குத் தலைவர் டீக்கடை தார்சியூஸ், இளவயதில் ஸ்டார் கிளப்பின் தடுப்பாட்டத்தைத் தனியாளாகச் சுமந்தவர், அதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாமல் கடையைச் சாத்த மாட்டார்.

"அவனுக்குக் கால் இருக்கு, அடிக்கான். உமக்கு எங்கவே நோவுது?" என்பார் பனியடிமை.

"அடிக்கட்டும்வே, வேண்டாம்னு சொன்னேனா? யாருக்கு அடிக்கான்? அந்த மூலையில ஆளு உண்டா? மண்ணுக்கா அடிக்கான்? பக்கத்துல நிக்கவனுக்கு உருட்டிக் குடுத்தா பந்து நம்ம கிட்டயே இருக்கும். கோலின்னா கை மட்டுமா? அவன்தாம்வே முதல் ஆட்டக்காரன்."

"உருட்டி உருட்டி என்னத்தக் கண்டீரு? உம்ம காலத்துல ஒரு கோப்பை உண்டா?"

அதற்குமேல் பேச்சு கோப்பையை விட்டுக் குடும்பத்துக்குப் போய்விடும், ஆகையால் அது இங்கே வேண்டாம்.

ரெஜினின் மைனி பெனிற்றா, அதாவது அவன் அண்ணன் கிளீற்றஸின் மனைவி, வலைக்கம்பெனியில் வேலை பார்க்கிறவள், இந்தச் சண்டையில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவன் யாருக்கு அடிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் சண்டை போட்டார்கள். அந்த இடது ஓரம் கிளீற்றஸின் இடம். தம்பி பிடிப்பான், பார்க்காமலே ஓரத்துக்கு அடிப்பான், அண்ணன் அங்கே நிற்பான். வருஷக்கணக்காக அப்படியே ஆடியவர்கள், ரெஜினின் காலுக்கு வேறு வழி தெரியாது. கிளீற்றஸ் வளைகுடாவில் ஒரு அரபிக்குப் படகு ஓட்டப் போனான், அங்கிருந்து போனில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவன் ஒரு காற்றுக்காலத்தில் பேச்சை நிறுத்திவிட்டான், படகே வரவில்லை என்றான் அரபி, எல்லை தாண்டிப் போய்ப் பிடிபட்டிருப்பார்கள் என்றான் ஆளனுப்பின ஏஜென்ட், எந்த எல்லை, யார் பிடித்தது, எந்த ஜெயில் என்று கேட்டால் விசாரிக்கிறோம் என்றார்கள், இன்றைக்கு வரைக்கும் விசாரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், பாவிகள்.

ஸ்டார் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் சட்டையை இன்னொருத்தன் போடக் கூடாது. அவனே வந்து போட வேண்டும், இல்லையென்றால் அவன் துணிமணியைப் பெட்டியில் வைத்து, கோயில் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கும்வரை கிளீற்றஸின் பதினொன்றாம் நம்பர் சட்டை ஆணியில் தொங்கும். சட்டையைத்தான் போடக் கூடாது, இடத்தில் நிற்கலாம், ஆனால் ஒருத்தனுக்கும் அங்கே போய் நிற்கக் கால் வரவில்லை, ஓரத்துக்கு அனுப்பிய பையன்களெல்லாம் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நடுவுக்கு நகர்ந்து வந்துவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் திருவிழாக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மைதானத்தில் ஊரே நிற்கிறது, ரெஜின் பந்தைப் பிடித்தான், வழக்கம்போல நாலடி ஓடிவந்து கடல்பக்கத்து ஓரத்துக்கு அடித்தான், தார்சியூஸ் வழக்கம்போல "மண்ணுக்கு அடிச்சாச்சு!" என்று தலையில் கை வைத்தார், பந்து இறங்கி வந்து, ஆள் இல்லாத இடத்தில், நெஞ்சு உயரத்தில் பட்டென்று நின்றது. நின்று, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, தொடை உயரத்தில் ஒரு துள்ளு துள்ளி, தரைக்கு வந்து, ஒரு பாதம் மிதித்துப் பிடித்த மாதிரி அசையாமல் நின்றது.

பெனிற்றா பெண்களோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆச்சரியமெல்லாம் வரவில்லை. கண் நிறைந்தது, அவ்வளவுதான். நெஞ்சை இடப்பக்கம் சாய்த்து வாங்கி, இடது தொடையில் ஒரு தட்டு, அப்புறம் காலுக்கடியில். உலகத்தில் அப்படிப் பந்து வாங்குகிற ஆள் ஒருத்தன்தான், அவனை அந்த வாங்கலுக்காகத்தான் அவள் முதலில் திரும்பிப் பார்த்தாள்.

மைதானத்தில் பெரிய கூச்சல். அது என்ன கூச்சல் என்று நினைக்கிறீர்கள்? ஆஃப்சைடா இல்லையா என்கிற கூச்சல்.

எதிரணிக்காரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள், அது வேறு விஷயம், ஆனால் ஆட்டம் முடிந்ததும் நேரே கோப்பைக் கமிட்டிக்குப் போய், முண்டகத்துறைக்காரன் பன்னிரண்டு பேரை வைத்து ஆடினான், இது எந்த ஊர் நியாயம் என்று புகார் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது ஆளைக் காட்டு என்று கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும், மூளை உள்ள எந்த ஊரும் அதைத்தான் செய்திருக்கும். ஆனால் பனியடிமைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஆமா, எங்க கிளீற்றஸ்தான் வாங்கினான். எங்க ஆளை நாங்க இல்லன்னு சொல்லணுமா? அவன் எங்க ஆளுதான், எண்ணிக்கோ" என்று மார்தட்டிவிட்டார், உருட்டுக் கட்சியும் அதற்குக் கை தட்டியது, கமிட்டி எண்ணிக்கொண்டது. அன்றிலிருந்து முண்டகத்துறை பத்துப் பேரை வைத்துத்தான் ஆட வேண்டும், பதினொன்றாவது ஆள் இடது ஓரத்தில் நிற்கிறவன் என்று தீர்ப்பு.

இதைவிடக் கேடு என்னவென்றால் அந்தப் பதினொன்றாவது ஆளால் வாங்கத்தான் முடிந்தது, கொடுக்க முடியவில்லை. பந்து போய் அவன் காலுக்கடியில் நிற்கும், நின்றது நின்றபடி நிற்கும், எதிரணியின் ஓரத்துக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போவான். முதல் தடவை எடுத்தவன் சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தான். அடுத்த ஆட்டத்தில் எடுத்தவன் "சேட்டா, எடுக்கட்டா?" என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டு எடுத்தான். அதற்கடுத்த ஆட்டத்திலெல்லாம் சும்மாவே எடுத்தார்கள், எந்த அதிசயத்துக்கும் மனுஷன் எத்தனை நாள் சிலுவை போடுவான்?

டீக்கடையில் சண்டை இன்னும் சூடு பிடித்தது. பத்துப் பேரை வைத்து ஆடும்போது கோலி கொடுக்கிற ஒவ்வொரு பந்தும் பொன் என்றார் தார்சியூஸ், அதை வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குக் கொடுப்பது கடலில் கொண்டு கொட்டுவது மாதிரி என்றார். பனியடிமையோ, அவனைப் பார்த்துக்கொள்ள எதிரணி ரெண்டு பேரை ஓரத்தில் நிறுத்துகிறது, அதனால் நடுவில் இடம் கிடைக்கிறது, இது உம்ம மண்டைக்கு ஏறாது என்றார். இதற்கு நடுவில் கிளீற்றஸ் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்கிற வழக்கு வேறு.

"உசிரோட இருக்கவனுக்குக் கால் அவன் இருக்க இடத்துலல்லா இருக்கும், இஞ்ச எப்பிடிவே வரும்? இது ஆவி" என்றார் தார்சியூஸ்.

"செத்தவன் மோட்சத்துக்குப் போவானா, மைதானத்து ஓரத்துல வந்து நிப்பானா? உசிரு இருக்கப் போய்த்தான் இந்தப் பந்து மேல ஆசை இருக்கு."

பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திருச்சபை இதைப் பற்றி இதுவரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

பெனிற்றா இந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாங்கல்தான், வாரம் முழுக்க வலை பின்னிக்கொண்டே அதை நினைத்துக்கொண்டிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பாள். ஊர் கோலியின் காலைப் பார்த்தது, அவள் பந்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று தெரிந்தது, தெரிந்ததை நினைத்துச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் பந்து நெஞ்சில் நின்றது, சாய்ந்தது, ஆனால் துள்ளியது வலப்பக்கம். வலது தொடையில் வாங்குகிறான். கிளீற்றஸ் வலது காலைப் பஸ் ஏறுவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறான் என்று ஊரே கேலி செய்யும், அப்பேர்ப்பட்ட ஆள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரெஜின் சாப்பிட வந்தபோது சொன்னாள். "மக்கா, உங்க அண்ணனுக்கு இடது முட்டு நோவுது."

ரெஜின் தட்டிலிருந்து நிமிரவில்லை. "நானும் பாத்தேன் மைனி."

"பந்து வேகமா போவுது. கொஞ்சம் தாழ்த்தி, மெதுவா அடி. அவருக்கு வாங்கக் கஷ்டமாட்டு இருக்கு."

அடுத்த ஆட்டத்திலிருந்து ரெஜின் தாழ்த்தி அடித்தான். ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நாள் நீட்டி அடித்தான், யாருக்கு என்று கேட்டோம், சரி, இப்போது பாதிக் காற்று போன பந்தை அடிக்கிற மாதிரி அடிக்கிறானே, இது எந்த ஊர் உதை என்று இரண்டு கட்சியும் முதல் தடவையாக ஒரே குரலில் திட்டின. "காலுக்கு என்னவே வந்துது உனக்கு? காலையில கஞ்சி குடிக்கலியா?" என்று பனியடிமை கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். ரெஜின் அடுத்த பந்தையும் தாழ்த்தியே அடித்தான். பந்து இடுப்பு உயரத்தில் போய் நின்றது, மெல்ல இறங்கியது.

அப்புறம் பெனிற்றா தன்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தாள், முடிந்தது என்ன பெரிதாக இருக்கிறது? கப்பைக் கிழங்கும் சாளை மீன் கறியும் கொண்டுபோய் அந்த ஓரத்தில் வைத்தாள், மைதானத்துக்குள் சாப்பாடு வைக்க விதியில் இடமில்லை என்று லைன்ஸ்மேன் தட்டைக் கோட்டுக்கு வெளியே நகர்த்தி வைத்தார், காக்கா தின்றது. இடைவேளையில் குடத்தோடு தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள், மண் குடித்தது. வர்ம ஆசானிடம் போய் முட்டுக்கு எண்ணெய் கேட்டாள்.

"ஆளக் கொண்டு வாம்மா, பிடிச்சுப் பாத்துத்தானே குடுக்க முடியும்" என்றார் ஆசான்.

"ஆளக் கொண்டுவர முடிஞ்சா நான் எதுக்கு ஆசானே உங்க கிட்ட வாறேன்?"

ஆசான் எண்ணெயைக் கொடுத்தார். கையால் தடவ வழியில்லை, அவனைப் போய்த் தொடுகிறது அந்தப் பந்து ஒன்றுதானே என்று, ஆட்டம் தொடங்குமுன் பந்து முழுக்க அந்த எண்ணெயைத் தடவிவிட்டாள் பெனிற்றா. உடனே என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவளுக்குத் தெரியவில்லை, அவள் நினைப்பெல்லாம் அந்த முட்டில் இருந்தது. எதிரணிக்காரன் நேரே அடித்த ஒன்றுமில்லாத பந்து, கைக்குள் போனால் அடங்கிவிடும் என்று சொன்னேனே அந்தக் கைக்குள் போய், வழுக்கி, கால் நடுவில் உருண்டு கோலுக்குள் போனது. ஊர் பேயறைந்த மாதிரி நின்றது. ரெஜின் கையை மோந்து பார்த்தான், திரும்பி மைனியைப் பார்த்தான், கையை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டான். அந்த ஆட்டம் எப்படியோ தட்டுத்தடுமாறி டிராவில் முடிந்தது, ரெஜினுக்குக் கையும் போயாச்சு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், உண்மையை இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. முட்டும் சரியாகவில்லை. அடுத்த பந்தையும் கிளீற்றஸ் வலது காலில்தான் வாங்கினான்.

அரையிறுதியில் ரெஜின் எப்போதையும்விட மெதுவாக அடித்தான், பந்து ஒரு முழ உயரத்தில் போய்க்கொண்டிருந்தது, எங்கேயும் நிற்கவில்லை, தரையில் விழுந்து, உருண்டு, கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் எதிலோ முட்டின மாதிரி நின்றது. நெஞ்சு இல்லை, தொடை இல்லை, கால் இல்லை. தரையோடு தரையாக, கிடக்கிற ஒரு உடம்பின் விலாவில் போய் மோதின மாதிரி நின்று, லேசாக நடுங்கி, ஒரு சாண் திரும்பி உருண்டது.

"ஐயோ, படுத்துக் கிடக்காரே!" என்று கத்திவிட்டாள் பெனிற்றா. "எழும்ப முடியாம கிடக்காரே! எந்தத் தரையில கிடக்காரோ, ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளு உண்டா இல்லியா, எனக்குத் தெரியலியே மாதாவே!"

அந்த ஆட்டத்தில் ஸ்டார் கிளப் ஜெயித்தது, ஒருத்தரும் பட்டாசு வெடிக்கவில்லை. அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது, இவள் இவ்வளவு நாளும் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவன் ஏன் காலை அடக்கிக்கொண்டு அடித்தான் என்று. தார்சியூஸ் மறுநாள் கடையைத் திறக்கவில்லை. பனியடிமை ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தார். ஏஜென்டுக்குப் போன் மேல் போன் போட்டார்கள், கலெக்டரைப் பார்த்தார்கள், இரண்டு பஸ் பிடித்துப் போய் அதிகாரிகள் முன்னால் நின்றார்கள், எந்த ஆதாரத்தில் அவர் நோயாகக் கிடக்கிறார் என்கிறீர்கள் என்று கேட்டார் ஒரு அதிகாரி, கோலி அடித்த பந்து தரையோடு நின்றது சார் என்றார் பனியடிமை, அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் பங்குச்சாமியார் பெனிற்றாவைக் கூப்பிட்டனுப்பினார். கட்சித் தலைவர்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். சாமியார் நல்ல மனுஷன், சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

"நாளைக்கு ரெஜின் ஒரு பந்து அடிக்கட்டும்மா. நின்னா, அவன் இருக்கான், நாம இன்னும் தேடுவோம். நிக்கலன்னா... பெட்டி செஞ்சு வச்சாச்சு. திங்கக்கிழமை மணி அடிச்சு, முறையா அடக்கம் பண்ணிருவோம். எத்தன காலத்துக்கு நீ இப்பிடி நடுவுல நிப்ப?"

"உனக்காகத்தான் பிள்ள" என்றார் தார்சியூஸ். "உருட்டிக் குடுன்னு சொன்ன இந்த வாயாலயே சொல்லுகேன், நாளைக்கு அவன் நீட்டி அடிக்கட்டும். தோத்தாலும் போவட்டும்."

பெனிற்றா சரி என்றாள். அவளும் களைத்துப்போயிருந்தாள், எதுவானாலும் தெரிந்தால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

இறுதி ஆட்டத்துக்குச் சுற்றியுள்ள ஒன்பது கடற்கரை ஊரிலிருந்தும் ஆள் வந்திருந்தது, தென்னை மரத்திலெல்லாம் ஆள், படகை மைதானத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அதன் மேலும் ஆள். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரன் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான், ரெஜின் எம்பிப் பிடித்தான். உடனே மைதானம் முழுக்க அமைதி. இப்படி ஒரு அமைதி பெரிய வெள்ளிக்கிழமைகூட அங்கே இருந்ததில்லை. எதிரணியின் ஓரத்துக்காரன், அவனும் கடலுக்குப் போகிறவன்தானே, தானாகவே நடுவுக்கு நகர்ந்து கடல்பக்கத்து ஓரத்தைக் காலியாக விட்டான். கோலி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் மீறிப்போனது, நடுவர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. இவ்வளவு காலம் எதிரெதிரே நின்று கத்தினவர்கள், பனியடிமையும் தார்சியூஸும், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அடி மக்கா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். இன்னொருத்தர் சொன்னார். பிறகு ஊரே சொன்னது, கத்தவில்லை, செபம் சொல்லுகிற மாதிரி சொன்னது. அடி மக்கா, அடி மக்கா, அடி மக்கா.

ரெஜின் பந்தைக் கீழே வைத்தான். நாலடி பின்னால் வந்தான். வந்தவன் கம்பத்துக்குப் பின்னால் நின்ற மைனியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

பெனிற்றா அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் புல், கொஞ்சம் மணல், வெயில். அங்கே அவன் கிடந்தால்? அவ்வளவு தூரம் வந்து விழுகிற பந்து, எழும்ப முடியாமல் கிடக்கிற மனுஷன் மேலேயா விழ வேண்டும்? இத்தனை பேர் ஆசைக்காக இன்னும் ஒரு தடவை அவன் வாங்க வேண்டுமா? அங்கே அவன் இல்லையென்றால்? பந்து தடையில்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டிப் போனால், அதை இத்தனை கண்ணுக்கு நடுவில் அவள் நின்று பார்க்க வேண்டுமா?

"வேண்டாம் மக்கா!" என்றாள். "அடிக்காத. உருட்டிக் குடு. பக்கத்துல நிக்கவனுக்கு உருட்டிக் குடு!"

ரெஜின் பக்கத்தில் நின்றவனுக்கு உருட்டிக் கொடுத்தான்.

மைதானமே ஒரு பெருமூச்சு விட்டது, அது ஏமாற்றமா நிம்மதியா என்று விட்டவர்களுக்கே தெரியாது. அப்புறம் ரெஜின் பிடித்த பந்தையெல்லாம் அப்படியே கொடுத்தான், வலது பக்கத்துக்கு உருட்டினான், நடுவுக்குக் கையால் எறிந்தான், நெருக்கிக்கொண்டு வந்தால் காலால் ஒரு தட்டுத் தட்டி இரண்டு பேருக்கு நடுவில் அனுப்பினான், இடது ஓரத்துக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. எதிரணிக்காரர்கள் பழக்கதோஷத்தில் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பத்துப் பேர் பந்தைக் கைமாற்றி கைமாற்றிக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டுவிட்டார்கள், கோப்பை முண்டகத்துறைக்கு வந்தது. மைக்கில் பேசினவர் வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது, இந்தக் கடற்கரையில் இப்படிப் பந்து பிரித்துக் கொடுக்கிற கோலியை நான் பார்த்ததே இல்லை என்று புகழ்ந்து தள்ளினார். உருட்டுக் கட்சி ஜெயித்துவிட்டது. ஜெயித்த கட்சியின் தலைவர் தார்சியூஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

தோளில் தூக்கினவர்களிடமிருந்து இறங்கி ரெஜின் மைனியிடம் வந்தான். அவன் முகம் ஜெயித்தவன் முகமாக இல்லை.

"அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் மைனி."

"தெரிஞ்சு?"

அவன் அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நின்னிருந்தா, அவரு இன்னும் எங்கயோ கிடந்து நோவு படுகாருன்னு அர்த்தம். நிக்காம போயிருந்தா, அவரு இல்லன்னு அர்த்தம். இந்த ரெண்டுல எது வேணும்னு நான் மாதாகிட்ட கேக்க, சொல்லு? எனக்குக் கேக்கத் தெரியல மக்கா."

ரெஜின் அந்த இடத்திலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான், அவள் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள், கோப்பையை வைத்துக் கொட்டு அடித்துக்கொண்டு ஊர்வலம் அவர்களைத் தாண்டிப் போனது.

திங்கக்கிழமை மணி அடிக்கவில்லை. சாமியார் பெட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அது இப்போதும் கோயிலுக்குப் பின்னால் எங்கேயோ கிடக்கிறது. ஸ்டார் கிளப் இன்றைக்கும் பத்துப் பேரை வைத்துத்தான் ஆடுகிறது, பதினொன்றாவது ஆளைக் கமிட்டி இன்றைக்கும் எண்ணிக்கொள்கிறது, முதல் பாதியில் கடல்பக்கத்து ஓரம் அவனுடையது, இரண்டாம் பாதியில் கோயில்பக்கத்து ஓரம். ரெஜினின் காலைப் பற்றி டீக்கடையில் இப்போது சண்டை இல்லை. பெனிற்றா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். தப்பித்தவறி நம்ம ஆள் ஒருத்தன் காலில் பட்டுப் பந்து அந்த ஓரத்துக்குப் போய்விட்டால், யாரும் சொல்லாமலே ஊர் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கடல்பக்கம் போனால் கோயிலைப் பார்த்து நிற்பார்கள், கோயில்பக்கம் போனால் கடலைப் பார்த்து நிற்பார்கள், பனியடிமை, தார்சியூஸ், சாமியார், மரத்து மேல் இருக்கிறவர்கள், எல்லோருமே, பெனிற்றாவும்தான், விசில் சத்தம் கேட்கும்வரை ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள். பந்து நின்றதா போனதா என்று பார்க்கிற ஒரே ஆள் லைன்ஸ்மேன். அவர் வெளியூர்க்காரர். அவரிடம் யாரும் கேட்பதில்லை.